பார்ட்டி மெட்டீரியல், நம்ம லேபர்: ராக்கெட் பார்க்கப் போன ஏழு நாள்

முதல் நாள், நவம்பர் 29, 2024. தும்பா

காலையில் திருவனந்தபுரம் ஸ்டேஷனில் இறங்கியதும் மாமா கேட்ட முதல் கேள்வி: "ராக்கெட் எத்தனை மணிக்குக் கண்ணு?"

ராக்கெட் டிசம்பர் 4-ஆம் தேதி, அதுவும் ஆந்திராவில் என்று டிக்கெட் போடும்போதே சொல்லியிருந்தேன். "அப்புறம் எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே?" என்றார். நியாயம்தான்.

மாமாவுக்கு வயது 67. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் டர்னராக இருந்தவர். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் புரோபா-3 செயற்கைக்கோளை நம் பிஎஸ்எல்வி ராக்கெட் தூக்கிப் போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் அதை நேரில் பார்க்கணும் என்று ஓர் அரிப்பு. எனக்கு ஒரு வாரம் லீவு பாக்கி இருந்தது. சரி, இந்திய ராக்கெட் கதை தொடங்கிய இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம் என்று வழியை நான்தான் வளைத்தேன்.

தொடங்கிய இடம் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ஒரு தேவாலயம். மகதலேனா மரியாள் பெயரில் மீனவர்கள் கும்பிட்ட கோயில். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா சம்மதிக்க, ஊர்க்காரர்கள் இடத்தைக் காலி செய்துகொடுத்து வேறு பக்கம் குடிபோனார்கள். ஆரம்பகால விஞ்ஞானிகளுக்கு அதுதான் ஆபீஸ். இப்போது விண்வெளி அருங்காட்சியகம். சைக்கிள் காரியரில் ராக்கெட்டின் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அது இந்த மணலில் நடந்ததுதான்.

1963 நவம்பர் 21 சாயங்காலம் இங்கிருந்து முதல் ராக்கெட் போனது. நைக்-அப்பாச்சி. ராக்கெட் அமெரிக்காவின் நாசா கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. இந்த ஏவுதளத்துக்குக் கம்ப்யூட்டரும் ஹெலிகாப்டரும் சோவியத் யூனியனிலிருந்து வந்தன. கியூபா விவகாரத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏவுகணையைக் காட்டி மிரட்டிக்கொண்டு அப்போது ஒரே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது! அந்த இரண்டு பேரும் தும்பா மணலில் மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாரும் தர்மத்துக்கு வரவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தக் கடற்கரையை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டர் சுமார் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வேண்டுமென்றால் இங்கே வந்துதான் ஆகவேண்டும். மண்ணும் ஆளும் நம்முடையவை, மற்றதெல்லாம் வெளியிலிருந்து. அந்த ஆட்களில் ஒருவர், நாசாவில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த ராமேஸ்வரத்து அப்துல் கலாம்.

"இது ஜாப் ஒர்க் கூட இல்ல கண்ணு. ஷெட்டை வாடகைக்கு விட்ட மாதிரி" என்றார் மாமா. பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், கொடுக்கும் மெட்டீரியலில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பதுதான் பட்டறை பாஷையில் ஜாப் ஒர்க்.

வாடகை யாரும் கொடுக்கவில்லை மாமா, இது கூட்டாஞ்சோறு, ஒருத்தர் அரிசி, ஒருத்தர் பருப்பு, என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "கூட்டாஞ்சோத்துல அடுப்பு யாரு வீட்டுதோ அவங்கதான் சமையல் கத்துக்குவாங்க."

நாலே வருஷத்தில், 1967 நவம்பரில், இங்கேயே செய்த ரோகிணி-75 பறந்தது. பிரான்ஸின் சென்டார் ராக்கெட்டை உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். 1968 பிப்ரவரி 2-இல் இந்திரா காந்தி வந்து இந்தத் தளத்தை ஐநாவுக்கு அர்ப்பணித்தார்.

மத்தியானம் மீன் கறியோடு சோறு. நாளை நாகர்கோவில்.


இரண்டாம் நாள், நவம்பர் 30. காவல்கிணறு

வடக்கே ஃபெங்கல் புயல் கரையைக் கடக்கிறது என்று போன் விடாமல் அலறுகிறது. இங்கே வெறும் காற்றுதான். ஆரல்வாய்மொழியில் அதற்குப் பஞ்சம் என்றைக்கு இருந்தது? முப்பந்தல் காற்றாலைகளை எண்ணத் தொடங்கி மாமா ஐம்பதோடு நிறுத்திவிட்டார்.

காவல்கிணற்றில் இறங்கி டீ குடித்தோம். எதிரே மகேந்திரகிரி. மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், ராக்கெட் என்ஜின்களைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கும் இடம். நம்மை மாதிரி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். மலையைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து விகாஸ் என்ஜின் கதையை மாமாவுக்குச் சொன்னேன். பயணத்தில் நான் சொல்ல ஆசைப்பட்ட கதையே இதுதான்.

1970-களில் பிரான்ஸ், ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் என்ஜினைச் செய்துகொண்டிருந்தது. நமக்கு அந்த வித்தை வேண்டும், கையில் காசில்லை. அவர்களுக்கு வேலை தலைக்குமேல், ஆள் போதவில்லை. 1974-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நம் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களுடைய என்ஜினுக்கு வேலை செய்வார்கள், பதிலுக்கு அவர்கள் வரைபடத்தையும் நுட்பத்தையும் தருவார்கள். ஆட்கள் எண்ணிக்கையையும் வருஷத்தையும் பெருக்கினால் நூறு வருஷ வேலை. கூடவே அழுத்தம் அளக்கும் கருவிகளையும் இங்கே செய்து அனுப்புவது. ரொக்கம் கை மாறவில்லை. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் போன குழு வெர்னான் என்ற ஊரில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து விகாஸைச் செய்தது.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "டிராயிங்கைக் குடுத்துட்டானா? நெசமாவா?"

அவர் ஆச்சரியப்பட்டதில் விஷயம் இருக்கிறது. பட்டறையில் பார்ட்டி டிராயிங் கொடுப்பான், வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வான். ஜெராக்ஸ் எடுத்தால் சண்டை. கூலிக்குப் பதில் டிராயிங்கையே எடுத்துக்கொள் என்று சொன்ன பார்ட்டியை அவர் முப்பத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை.

"டிராயிங் மட்டும் இருந்தா வேலை வந்துராது. அங்க மெஷின் பக்கத்துல நின்னு பாத்திருக்காங்க பாரு, அதுதான் சங்கதி" என்றும் சொன்னார்.

ஏரியான்-4 கடைசியாகப் பறந்தது 2003-இல். அதோடு வைக்கிங் ஓய்வு பெற்றுவிட்டது. இங்கே விகாஸ் இன்னும் எரிகிறது. பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கு அதுதான். புதன்கிழமை ஐரோப்பாக்காரர்களின் செயற்கைக்கோளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகப் போவது, அவர்கள் பட்டறையில் பிறந்த என்ஜினின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கூட்டும் இப்படி அமையவில்லை. 1991-இல் சோவியத் யூனியனின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்தோடு கிரையோஜெனிக் என்ஜினுக்கு (கடுமையாகக் குளிர்வித்துத் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) போட்ட ஒப்பந்தத்தில் அமெரிக்கா குறுக்கே வந்தது. கடைசியில் ஏழு என்ஜின் வந்தது, டிராயிங் வரவில்லை. கற்றுக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இதைச் சொன்னதும் மாமா, "அதான் பாத்தேன். அதுதான் ஊர் வழக்கம்" என்றார், ஏதோ உலகம் மறுபடி சரியான இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதியோடு.


மூன்றாம் நாள், டிசம்பர் 1. குலசை

திருச்செந்தூரில் ராத்திரி தங்கி, காலையில் முருகனைப் பார்த்துவிட்டு (மாமாவின் நிபந்தனை), குலசேகரன்பட்டினத்துக்குப் பஸ். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் வேஷம் கட்டிக்கொண்டு வரும் ஊர், இன்று ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலில் கிடந்தது. பதநீர் கேட்டோம். சீசன் இல்லை. கருப்பட்டிக் காபி கிடைத்தது.

ராக்கெட் ஏவுதளம் எங்கே என்று கேட்டால் கையை நீட்டுகிறார்கள். நீட்டிய திசையில் செம்மண் தேரி, பனை, உடைமுள். பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார், அன்றைக்கே சின்ன ரோகிணி ராக்கெட் ஒன்றையும் இங்கிருந்து விட்டுக் காட்டினார்கள். சுமார் 2,300 ஏக்கர். இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரிவது இடம்தான்.

ஏன் இங்கே என்பதை மாமாவுக்குக் காபிக் கடை மேஜையில் காபியைத் தொட்டே வரைந்து காட்டினேன். மேலே ஒரு சொட்டு ஸ்ரீஹரிகோட்டா. கீழே ஒரு சொட்டு இலங்கை. பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் நேர் தெற்கே போகணும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகப் போனால் இலங்கை தலைக்கு மேலே போகும், அது கூடாது. அதனால் கடலுக்குள் தள்ளிப் போய் வளைத்துத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு எரிபொருள் போய்விடும். பெரிய ராக்கெட்டுக்கு அது பரவாயில்லை. எஸ்எஸ்எல்வி மாதிரி குட்டி ராக்கெட்டுக்குத் தூக்கும் சுமையில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்.

"அப்ப ஸ்ரீஹரிகோட்டா கவர்மென்ட்டுக்கு, இது யாருக்கு?"

தளம் கட்டுவது இஸ்ரோ. தனியார் கம்பெனிகளும் தங்கள் ராக்கெட்டைக் கொண்டுவந்து விடலாம். அனுமதி கொடுப்பது 2020-இல் உருவாக்கிய இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு. எஸ்எஸ்எல்வி செய்யும் வித்தையையே தனியாருக்குக் கைமாற்றும் ஏற்பாடும் நடக்கிறது. "கவர்மென்ட் ஷெட்டு, அவங்க மெஷினு" என்று மாமா சுருக்கிவிட்டார். அதற்கு மேல் விளக்க எனக்கும் எதுவும் இல்லை.

கடைக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ராக்கெட்டு விடுற அன்னைக்குக் கடலுக்குப் போகக்கூடாதாமே, வருஷத்துல எத்தனை நாளுண்ணே?" என்னிடம் பதில் இல்லை. தும்பாவில் கோயிலைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இப்போது ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் சென்னை.


நான்காம் நாள், டிசம்பர் 2. ரயில்

காலையில் சென்னை இல்லை. விழுப்புரத்தைத் தாண்டிப் பாலத்தில் வெள்ளம், ரயில்கள் போகவில்லை. எங்கள் வண்டி மணிக்கணக்கில் நின்று, அப்புறம் காட்பாடி வழியாகச் சுற்றி, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வயலா ஏரியா என்று தெரியாத தண்ணீர்.

பொழுது போக, இரண்டு செய்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். ஒன்று, இரண்டு வாரம் முன்னால்தான் இந்தியாவின் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9-இல் போனது. எடை 4,700 கிலோ. அது போகவேண்டிய பாதைக்கு நம் எல்விஎம்3 ராக்கெட் தூக்கக்கூடியது 4,000 கிலோ சுமார்தான். இஸ்ரோவின் வணிகப் பிரிவான என்எஸ்ஐஎல் ஒரு மாதம் அமெரிக்கத் தனியார் கம்பெனிக்குப் பார்ட்டி, அடுத்த மாதம் ஐரோப்பா அதற்குப் பார்ட்டி. மாமாவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பெரிய ஷாஃப்ட் வந்தால் அவர்களும் பெரிய மெஷின் இருக்கும் பட்டறைக்குத்தான் அனுப்புவார்களாம்.

இன்னொன்று, நம் விமானப்படையின் சுபான்ஷு சுக்லாவும் மாற்று ஆளாகப் பிரசாந்த் நாயரும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகப் பயிற்சி எடுக்கிறார்கள். நிலையத்தில் இடம் கொடுப்பது நாசா, பயணத்தை நடத்துவது ஆக்சியம் என்ற தனியார் கம்பெனி, வண்டி ஸ்பேஸ்எக்ஸ், டிக்கெட் காசு இந்திய அரசு. ஒரு இருக்கைக்கு நாலு கணக்குப் புத்தகம். எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன். தொழில் புத்தி.


ஐந்தாம் நாள், டிசம்பர் 3. சென்னை

சட்டை காயவில்லை. அது ஒன்றுதான் இன்றைய பெரிய பிரச்சினை.

தரமணிப் பக்கம் போய் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவை வெளியே நின்று பார்த்தோம். அக்னிகுல் காஸ்மோஸ் இங்கே முளைத்த கம்பெனி. இந்த வருஷம் மே 30 காலையில் அவர்களுடைய சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. இஸ்ரோவின் தீவுக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு ஏவுமேடையும் கட்டுப்பாட்டு அறையும் 2022-இல் கட்டிக்கொண்டார்கள். அதற்கு முன் பல தடவை கவுன்ட்டவுனை ஆரம்பித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அவர்கள் என்ஜினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள் என்று சொன்னதும் மாமாவின் முகம் மாறியது. "லேத்தே வேண்டாமா?" கடைசி மெருகுக்கு வேண்டியிருக்கும் மாமா என்றேன், பாதி ஆறுதலாக. அவர் நம்பவில்லை.


ஆறாம் நாள், டிசம்பர் 4. சூலூர்பேட்டை

பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் போனைத் திறப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. அதனால் மூர் மார்க்கெட்டிலிருந்து மின்சார ரயிலில் சூலூர்பேட்டை போய், ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஏரிக்கரையாக ஓர் இடம் பிடித்தோம். எங்களைப் போலவே நூறு பேர். வேர்க்கடலை, சுண்டல், குழந்தைகள், தெலுங்கில் ஒரு கல்லூரிக் கும்பல். தூரத்தில் தண்ணீரில் பூநாரைகள், நமக்கென்ன என்று தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

நேரம் 4:08. காத்திருக்கும்போது புரோபா-3 என்ன செய்யப் போகிறது என்று மாமாவுக்கு விளக்கினேன். இரண்டு செயற்கைக்கோள்கள், சேர்ந்து 550 கிலோ. மேலே போய்ப் பிரிந்து ஒன்றுக்கொன்று 150 மீட்டர் தள்ளி நிற்கும். முன்னால் நிற்பது 1.4 மீட்டர் வட்டத் தட்டால் சூரியனை மறைக்கும், பின்னால் நிற்பது அந்த நிழலில் இருந்தபடி சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தைப் படம் எடுக்கும். அதாவது ஆர்டர் கொடுத்துச் செய்த கிரகணம், ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம் வரை. இரண்டும் நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகக் கூடாது.

"லேத்துல நாங்க மைக்ரான் பிடிப்போம்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "ஆனா மெஷினு தரையில போல்ட்டு போட்டு நிக்குது. இது ரெண்டும் மெதக்குதே கண்ணு."

செய்தவர்களின் பட்டியலும் நீளம். முன்னின்று நடத்தியது ஸ்பெயினின் செனர் கம்பெனி, கருவி பெல்ஜியத்தின் லியேஜில் செய்தது, மேலே போன பிறகு கண்காணிப்பதும் பெல்ஜியத்திலிருந்து, மொத்தம் பதினான்கு நாட்டுக் கம்பெனிகள். இதற்கு முன் ஐரோப்பிய முகமை இந்தியாவிலிருந்து அனுப்பியது 2001-இல், அதே குடும்பத்தின் புரோபா-1.

ஏவுவதற்கு ஒரு மணி நேரம் கூட இல்லாதபோது கல்லூரிப் பையன் ஒருவன் போனைப் பார்த்து "அய்யய்யோ" என்றான். தெலுங்கிலும் அதே அய்யய்யோதான். செயற்கைக்கோளின் உந்துவிசை அமைப்பில் ஒரு கோளாறு, நாளைக்குத் தள்ளிவைப்பு.

கூட்டம் முனகியது. மாமா மட்டும் அமைதியாக ஃபிளாஸ்க்கை மூடினார். "ராக்கெட்டுல ஒண்ணுமில்லையே? பார்ட்டி மெட்டீரியல்ல கோளாறுன்னா மெஷினை நிறுத்தித்தான் ஆகணும். ஓட்டுனா அவனுக்கும் நட்டம், நமக்கும் கெட்ட பேரு."


ஏழாம் நாள், டிசம்பர் 5. பழவேற்காடு

ராத்திரியோடு ராத்திரியாக மென்பொருளிலேயே சரிசெய்துவிட்டார்களாம். புது நேரம் 4:04.

இன்றைக்கு இடத்தை மாற்றினோம். பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு. ஏரியின் இந்தக் கோடி தமிழ்நாடு, அந்தக் கோடி ஸ்ரீஹரிகோட்டா. கரையில் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மாமா பேச்சுக் கொடுத்தார். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று முன்னாடியே அறிவிப்பு வந்துவிடுமாம். "நேத்தும் போகல, இன்னிக்கும் போகல. புயலுக்கு ஒரு வாரம் போகல" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார். ஸ்பெயினும் பெல்ஜியமும் பெங்களூரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் இவருடைய இரண்டு நாள் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தேடிப் பார்க்க எனக்கு ஆசை.

நாலு மணிக்கு எல்லோரும் வடக்கே பார்த்து நின்றோம். பெரியவரும் வலையை வைத்துவிட்டு எழுந்தார். அவர் எத்தனையோ பார்த்திருப்பார்.

முதலில் சத்தமே இல்லை. தொடுவானத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி, வெல்டிங் பொறி மாதிரி. அதற்குக் கீழே வெள்ளைத் தூண் வளர்ந்தது. மெதுவாகத்தான் ஏறுவது போலிருந்தது, அப்புறம் திடீரென்று வேகம். வலப்பக்கம் கடலை நோக்கிச் சாய்ந்து ஒரு மேகத் திட்டுக்குள் போய், மறுபக்கம் சின்னதாக வெளியே வந்தது. குழந்தைகள் கத்தி முடித்து, ராக்கெட்டும் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சத்தம் வந்தது. பாலத்தின் மேல் கனமான லாரி ஒன்று நிற்காமல் போவது போல. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் மேலே இரண்டாம் அடுக்கு, விகாஸ், பற்றும். மாமாவிடம் சொன்னேன். காவல்கிணறு டீக்கடை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "டிராயிங் குடுத்தானே" என்றார்.

பதினெட்டு நிமிஷத்தில் செயற்கைக்கோள்கள் ராக்கெட்டிலிருந்து பிரிந்துவிட்டன என்று போனில் வந்தது. கரையில் இருந்தவர்கள் பாதிப்பேர் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் கோவையைப் பற்றிப் பேச்சு வந்தது. பிஎஸ்எல்வியை இனித் தொழிற்துறையே செய்து கொடுக்கட்டும் என்று ஐந்து ராக்கெட்டுக்கு 860 கோடி ரூபாயில் விமானம் செய்யும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லும் எல் அண்ட் டியும் சேர்ந்து ஒப்பந்தம் எடுத்திருக்கின்றன. எல் அண்ட் டிக்குக் கோவையிலேயே விண்வெளிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. அங்கே போன பசங்க ரெண்டு பேருக்கு அவர்தான் மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். இந்த ஏழு நாளில் இதை ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலியே" என்றார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். ஐரோப்பாவின் சொந்த ராக்கெட் வேகா-சி, 2022 டிசம்பரில் தோற்றதிலிருந்து பறக்கவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்றைக்கு ராத்திரிதான் மறுபடி, தென் அமெரிக்காவில் கூருவிலிருந்து போகிறது. சாயங்காலம் ஒரு சரக்கை நம்மிடம் அனுப்பிவிட்டு ராத்திரி தங்கள் மெஷினையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அது எத்தனை மணிக்குக் கண்ணு?"

"நம்ம நேரம் ராத்திரி 2:50, மாமா."

"போன்ல வருமா?"

"வரும்."

"அலாரம் வை."